குளத்து மீன் விடியற்காலையில் சாவது ஏன்?





ஊர்க் குளத்தின் நடுவில் ஒரு பவுண்டன் வைக்க உதவ முடியுமா என்று இந்த ஆண்டு இரண்டு இடங்களிலிருந்து நம் அறக்கட்டளையைக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் நாறுகிறது, மீன் சாகிறது, மெஷின் போட்டால் சரியாகிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பொதுப்பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் விவரம் தெரிந்துகொள்வது நிர்வாகக் குழுவின் கடமை. விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடமும் கேட்டோம். தெரிந்துகொண்டது நம் குடும்பங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குத்தகைக் குளத்தில் ஒரே இரவில் மீன் செத்து மிதந்தது. ‘யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்’ என்று பேச்சுக் கிளம்பியது. குத்தகைக்காரரோடு முன்பு தகராறு செய்த வேறு தெருப் பையன் ஒருவன்மேல் சந்தேகம் போனது. போலீஸ் ஸ்டேஷன் வரை போகவிருந்த விஷயம் அது. மீன் வளர்ப்பில் பழகிய ஒருவர் வந்து கரையைச் சுற்றிப் பார்த்து, இது விஷம் இல்லை, மூச்சுமுட்டல் என்று சொன்ன பிறகுதான் ஊர் அடங்கியது. அவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பது நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று.

மீனும் நம்மைப் போலவே ஆக்ஸிஜனைத்தான் சுவாசிக்கிறது. ஆனால் நமக்குக் கிடைப்பதில் மிகச் சிறு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரி சூடாக இருக்கும்போது, கரைந்து நிற்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக இந்த அளவு இன்னும் குறையும். கெண்டை மீன்கள் நன்றாக இருக்க 5 மில்லிகிராம் வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் திணறும். ஒன்று, இரண்டில் சில மணி நேரம் நின்றால் சாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஏக்கர் குளம், நாலடி ஆழம் என்றால் ஏறத்தாழ 49 லட்சம் லிட்டர் தண்ணீர். அவ்வளவு தண்ணீரும் ஆக்ஸிஜன் முழுதாக நிரம்பி நின்றாலும் மொத்தம் 37 கிலோதான். கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரி வாசலில் நாம் பார்த்த ஆளுயர சிலிண்டர் நினைவிருக்கிறதா? அதில் நாலு சிலிண்டர் அளவு. ஒரு ஏக்கர் குளத்தின் மொத்தச் சேமிப்பும் அவ்வளவுதான் என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

இந்தச் சேமிப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று காற்று மேல்தண்ணீரில் படுவதால். மற்றது தண்ணீரில் உள்ள பச்சைப் பாசியால். பகலில் வெயில் பட்டதும் பாசி ஆக்ஸிஜனை விடுகிறது. அதனால் அஸர் நேரத்தில் குளத்தில் ஆக்ஸிஜன் உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் பாசி விடுவதை நிறுத்திவிடும், ஆனால் பகலில் போலவே சுவாசிப்பதைத் தொடரும். மீன் சுவாசிக்கிறது, பாசி சுவாசிக்கிறது, அடிச்சேற்றில் உள்ள கிருமிகளும் சுவாசிக்கின்றன. இரவு முழுக்கச் செலவு மட்டுமே. ஆக இருப்பு மிகக் குறைந்து நிற்பது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன். சுபுஹ் தொழப் போகிறவர்கள்தான் மீன் வாயைப் பிளந்து மேலே வருவதை முதலில் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இரண்டு நாள் மூட்டம் போட்டு வெயில் இல்லாமல் போனால் பகல் வரவும் குறைந்துவிடும். மூன்றாம் நாள் விடியலில் குளம் திவால். அதிகப் பச்சையாக இருக்கும் குளத்தில் பாசி மொத்தமாகச் செத்து மட்கினால் இன்னும் மோசம். ஆழமான குட்டைகளில் வேறொரு ஆபத்து உண்டு. கோடையில் அதில் இறங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும்: மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கால் படும் இடம் குளிர்ந்தும் இருக்கும். இந்த இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அடித்தண்ணீரில் நாள்கணக்கில் ஆக்ஸிஜனே இல்லாமல், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு சேர்ந்திருக்கும். திடீரென்று ஒரு குளிர்ந்த மழை, ஒரு பலத்த காற்று அடித்தால் மேலும் கீழும் புரண்டு, அடித்தண்ணீர் முழுக் குளத்தையும் கெடுத்துவிடும். மழை பெய்த மறுநாள் மீன் செத்தால் ‘மழையோடு மருந்தைக் கலந்துவிட்டான்’ என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, அந்த மனிதர் கரையில் பார்த்த அடையாளங்கள். மூச்சுமுட்டலில் கட்லா, ரோகு, வெள்ளிக் கெண்டை போன்றவைதான் சாகும். அவற்றிலும் பெரிய மீன் முதலில் போகும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை சாகாது. அவற்றுக்கு வெளிக் காற்றையே விழுங்கி சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தவளை, தண்ணீர்ப் பாம்பு, நீரில் ஓடும் பூச்சி எல்லாம் பிழைத்திருக்கும். செத்த மீனின் வாய் பிளந்து, செவுள் விரிந்து கிடக்கும். சாவு விடியற்காலையில் நடந்திருக்கும். வெயில் ஏறியதும் மிச்சமிருக்கும் மீன் தெளிந்து கீழே இறங்கிவிடும். விஷம் அப்படி ஆள் பார்க்காது. குஞ்சு, பெரிது, விரால், தவளை, பூச்சி என்று எல்லாம் சேர்ந்து சாகும், நேரமும் எந்த நேரமாகவும் இருக்கும். அப்படி இருந்தால் உடனே சுத்தமான பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து மூடி, செத்த மீன் இரண்டை ஐஸில் போட்டு மீன்வளத் துறையிடம் கொண்டுபோக வேண்டும். ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள், அறியாமையில் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள் என்ற கருத்து சூரா ஹுஜுராத்தில் வருவதை நம் ஹஜ்ரத்மார்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! குளத்துக் கரையிலும் அது பொருந்தும்.

சரி, குளத்தின் ஆக்ஸிஜனைத் தின்பது எது? மீன் தின்பது கொஞ்சம். பெரும் பங்கைத் தின்பது அழுகும் பொருள். சாக்கடை, சாணம், இலைச்சருகு, மீதச் சோறு எதுவானாலும் அதை மட்கவைக்கும் கிருமிகளுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் கழிவை மட்கவைக்க 30 முதல் 50 கிராம் வரை ஆக்ஸிஜன் செலவாகும். நூறு வீட்டுச் சாக்கடை ஒரு குளத்தில் விழுகிறது, ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ. முன்பு சொன்ன ஒரு ஏக்கர் குளத்தின் மொத்தச் சேமிப்பில் பாதிக்கு மேல், தினமும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானி ரத்தத்தையும் குடலையும் குளத்திலோ வாய்க்காலிலோ சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ரத்தத்தைப் போல ஆக்ஸிஜனைத் தின்னும் கழிவு குறைவு. ஒரு லிட்டர் ரத்தம் மட்கி முடிய 150 கிராமுக்குக் குறையாமல் ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. அது 20,000 லிட்டர் நல்ல குளத்துத் தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்ஸிஜன். ஒரு ஆட்டின் ரத்தமே ஒரு லிட்டருக்குக் குறையாது. தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று சிறு வயதில் ஓதிய நாம், இதை ‘தண்ணீரோடு போய்விடும்’ என்று விட முடியாது. குளத்துத் தண்ணீர் எங்கும் போவதில்லை. கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் மூன்றடிப் பள்ளம் வெட்டிப் புதைத்து, மேலே சுண்ணாம்பு தூவி மண் மூடினால் போதும். கல்யாண வீட்டு மீதச் சோற்றுக்கும் இதே விதி.

தண்ணீரின் நிறம், வாடை, சுவை என்ற மூன்றையும் பார்க்க மதரஸாவில் ஒளுப் பாடத்திலேயே கற்றுக்கொடுத்தார்கள். பழைய பள்ளிவாசல்களின் ஹவ்ளுகளில் மீன் விட்டிருப்பார்கள். கொசுப் புழுவைத் தின்பதற்கு என்று சொன்னாலும், மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஹவ்ளு கழுவ நேரமாகிவிட்டது என்று முஅத்தினுக்குத் தெரிந்துவிடும். மீட்டர் இல்லாத காலத்து மீட்டர் அது.

இப்போது மெஷின் விஷயத்துக்கு வருவோம். குளத்துக்குக் காற்றூட்டும் ஏரேட்டர்களில் நாம் அறிய வேண்டியவை மூன்று வகை.

நம் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டி பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அந்தக் கடலோரப் பகுதி இறால் பண்ணைகளில் குட்டைக்கு நடுவே தண்ணீரை அடித்துச் சிதறவிட்டபடி சுற்றும் சக்கரங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். துடுப்புச் சக்கர ஏரேட்டர் அது. 2009-ல் வன்னாமி இறால் வளர்க்க அனுமதி வந்த பிறகு அடர்த்தியாக இறால் விடுகிறார்கள். இரவில் இந்தச் சக்கரம் சில மணி நேரம் நின்றால் முதலீடு போச்சு. அதனால்தான் ஒவ்வொரு பண்ணையிலும் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். ஆழம் குறைந்த குட்டைக்கு இந்த வகை நல்லது.

இரண்டாவது, குளத்தின் அடியில் தட்டுகளைப் பதித்து, கரையிலிருந்து கம்ப்ரஸர் மூலம் காற்றை அனுப்பிக் குமிழி விடுவது. வீட்டு மீன் தொட்டியில் போடும் ஏர் ஸ்டோன் இதன் குழந்தை. குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஒரே அளவு காற்றை ஒரு சென்டிமீட்டர் குமிழியாக விடுவதற்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் குமிழியாக விட்டால், தண்ணீரோடு உரசும் பரப்பு பத்து மடங்கு ஆகும். மெதுவாக மேலே வருவதால் கரையவும் நேரம் கிடைக்கும். இதற்கு நுண்துளை உள்ள பீங்கான் தட்டுகளும் பயன்படுகின்றன. கிளேஸ் போடாத சாமானில் காற்றும் தண்ணீரும் எப்படிப் புகும் என்று விருத்தாசலம் செராமிக் தொழிலில் இருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆழமான நீர்நிலைக்கு இதுதான் ஏற்றது, ஏனென்றால் குமிழி மேலே வரும்போது அடித்தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது பவுண்டன். பார்க்க அழகு. ஆனால் மேல்தண்ணீரை எடுத்து மேலேயே தெளிக்கிறது. ஆழமான குளத்தின் அடிக்கு அதனால் பயன் குறைவு. நாலடிக் குளத்தில் ஓரளவு உதவும். நம்மிடம் கேட்ட இருவருமே பவுண்டன்தான் கேட்டார்கள், கலர் விளக்கோடு.

மெஷின் எவ்வளவு ஆக்ஸிஜன் தரும்? நல்ல துடுப்புச் சக்கரம் சுத்தமான தண்ணீரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ ஆக்ஸிஜனைக் கரைக்கும். உண்மையான குளத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 2 ஹெச்பி மோட்டார் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓடினால் 12 யூனிட். கரைவது சுமார் 12 கிலோ. நூறு வீட்டுச் சாக்கடை கேட்பதோ 20 கிலோ. மாதம் 360 யூனிட்டுக்குக் கரண்ட் பில் கட்டியும் குளம் கடனாளியாகவே இருக்கும். சாக்கடை விழும் குளத்தில் ஏரேட்டர் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதுதான்.

மெஷினே பயனில்லை என்று சொல்லவரவில்லை. உத்தராகண்டில் நைனிடால் ஏரி இருக்கிறது. மலைகள் சூழ்ந்த, 25 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஏரி. ஊர்க் கழிவு சேர்ந்து அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் அற்றுப்போய், மீன் சாவது வழக்கமாகிவிட்டது. 2007 முதல் கரையிலிருந்து காற்றை அனுப்பி ஏரியின் அடியில் தட்டுகள் வழியாகக் குமிழி விடுகிறார்கள். நாற்றம் குறைந்தது, அடியில் ஆக்ஸிஜன் ஏறியது. ஆனால் அது ஒரு முறை போட்டு மறந்துவிடும் வேலை அல்ல. மின்சாரம், பராமரிப்பு, ஆள் என்று தொடர்ந்து செலவு. மறுபுறம் பெங்களூர் அல்சூர் ஏரி. 2016 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தோம். கோடை வெயில், உள்ளே வரும் கழிவுநீர், ஆக்ஸிஜன் குறைவு, அவ்வளவுதான் கதை.

நம் பெரியவர்கள் மெஷின் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? கலிங்கில் தண்ணீர் கல்லில் மோதி விழுந்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைப் படிப்படியாக விழவைப்பதும் இதே தத்துவம். ஆடு மாடு இறங்கியது, பிள்ளைகள் குதித்து நீந்தினார்கள். இதையெல்லாம்விட முக்கியமானது கோடையில் ஏரி காய்ந்து வெடித்ததும் வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனது. அடிச்சேறுதான் இரவில் ஆக்ஸிஜனைத் தின்னும் பெரிய வாய். அதை வெயிலிலும் காற்றிலும் காயவிட்டால் அதில் உள்ள அழுகல் தானாக எரிந்துபோகும். இதைவிட மலிவான காற்றூட்டல் கிடையாது. இப்போது வண்டல் இலவசமாக எடுக்க அரசே அனுமதிக்கிறது. 2024-ல் விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்பவர்களுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரும்படி எளிதாக்கினார்கள். கோடை மாதங்களை விட்டுவிட்டு மழை தொடங்கியதும் அலைந்து பயனில்லை. வெங்காயத்தாமரை மூடிய குளத்துக்கு முதலில் அதை அகற்ற வேண்டும். காற்றும் வெயிலும் தண்ணீரில் படாமல் போர்வை போட்டதுபோல் கிடக்கிறது அது. அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி மறுபடி குளத்துக்கே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பேசி நிர்வாகக் குழு எடுத்த முடிவு இது. சாக்கடை விழும் எந்தக் குளத்துக்கும் மெஷின் வாங்க நிதி தருவதில்லை. சாக்கடையைத் திருப்பவும், வெங்காயத்தாமரை அகற்றவும், வண்டல் எடுக்கவும் டீசல் செலவுக்கும் ஆள்கூலிக்கும் உதவலாம். அதன் பிறகும் தேவைப்பட்டால் ஏரேட்டர் பற்றி யோசிக்கலாம். எதுவானாலும் முதலில் அனுமதி வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊர்க் குளங்களுக்கு ஊராட்சித் தீர்மானம். ‘நம் பணம், நாம் செய்வோம்’ என்று இறங்க முடியாது. மெஷின் போட்டால் கரண்ட் பில் யார் பெயரில், பழுது பார்ப்பது யார் என்பதும் அந்தத் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் மின் ஒயர் இறக்குவது விளையாட்டல்ல. கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரும் முறையான எர்த்தும் இல்லாமல் எந்த மோட்டாரையும் குளத்தில் இறக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது. மீன் போனால் அடுத்த வருடம் குஞ்சு விடலாம்.

மெஷின் இல்லாத குளத்தில் விடியற்காலையில் மீன் வாய் பிளந்தால் என்ன செய்வது? வயலுக்கு இறைக்கும் ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து, குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறும்படி குளத்திலேயே பீய்ச்சுங்கள். பக்கத்துப் போர்த் தண்ணீரை விடுவதானாலும் பலகையில் மோதி விழும்படி விடுங்கள். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறும்வரை ஓட்டினால் போதும். அன்று தீவனம், சாணம் எதுவும் போடாதீர்கள். வலை இழுத்து அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். மீனைக் காப்பாற்றுகிறோம் என்று கடையில் கிடைக்கும் மருந்தை ஊற்றாதீர்கள்.

வருமுன் அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. 1865-ல் இத்தாலியில் செக்கி என்பவர் கடல் தண்ணீரின் தெளிவை அளக்கச் செய்தது. இன்றும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஒரு சாண் அகல வெள்ளைத் தட்டு ஒன்றின் நடுவில் துளையிட்டு, கீழே கல் கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிடுங்கள். நண்பகல் வெயிலில் மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றைப் பாருங்கள். தண்ணீர் சேறாகக் கலங்காமல் பச்சையாக இருக்கும்போது, ஒன்றரை அடி, ஒரு அடி என்றால் கவலையில்லை. முக்கால் அடிக்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. மூட்டம் போட்ட நாட்களில் அந்தக் குளத்தை இரவில் கவனிக்க வேண்டும். இப்படி ஐந்து தட்டுகள் கயிற்றோடு தயார் செய்து அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். மீன் குத்தகை எடுத்தவர்களும், ஊர்க் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களும் ஜும்ஆவுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. வாரம் ஒரு முறை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். குளத்துக்கு உதவி கேட்டு வருபவர்கள் அந்த நோட்டையும் கொண்டுவந்தால் முடிவெடுக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.